ஒரே கோழிக்கு மூன்று கோளாறு: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி:
இரண்டு வயதுப் பெட்டைக்கோழி. நாலு நாளாக இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. விடிந்த பிறகும் இரைப்பை (கழுத்தடியில் தீனி சேரும் பை) தளதளவென்று நிரம்பியிருக்கிறது, வாயில் புளித்த வாடை. கால் செதில்கள் சுண்ணாம்பு பூசினாற்போல வெளுத்துத் தூக்கி நிற்கின்றன. வலது உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கோடு வீக்கம், நொண்டுகிறது. கொண்டையும் வெளிறிவிட்டது. தலைகீழாகப் பிடித்து இரைப்பையைக் காலி செய்யலாமா? எல்லாவற்றுக்கும் இன்றே மருந்து தொடங்கலாமா?

பதில் 1:
தலைகீழாகப் பிடிக்காதீர்கள். மேலேறும் நீர் மூச்சுக்குழலில் புகுந்தால் கோழி அங்கேயே போய்விடும்.

இரைப்பைதான் முதல் வேலை. தனிக்கூட்டில் விட்டு 12 மணி நேரம் தீனியை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்தாதீர்கள். கீழே பழைய துணி விரியுங்கள். வைக்கோல் போட்டால் அதையும் தின்று வைக்கும். சோர்ந்த கோழிக்குச் சர்க்கரை உப்புக் கரைசல் கொடுப்போம் அல்லவா, இங்கே அது கூடாது. இந்தப் புளிப்புக்குப் பெரும்பாலும் கேண்டிடா என்ற ஈஸ்ட்தான் காரணம், சர்க்கரை அதற்குத் தீனி. கால் வீக்கத்துக்கென்று இப்போதே ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் ஈஸ்ட் பெருகும். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றைக் கெடுப்பது இப்படித்தான்.

பிறகு ஊறவைத்த தீவனம், வேகவைத்த முட்டை, ஒவ்வொரு ஸ்பூனாக நாலைந்து வேளை. மறுநாள் விடியலில், தீனி போடும் முன் தடவிப் பாருங்கள். காலியாக இருக்க வேண்டும். இரண்டு நாளிலும் வடியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். ஈஸ்ட்டைக் கொல்லும் நிஸ்டாட்டின் மருந்து தேவைப்படலாம், அளவை எடை பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.

பதில் 2:
கொண்டை வெளிறியதை விட்டுவிட்டீர்களே. ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு பகலில் கோழி மேல் பெரும்பாலும் இருக்காது. இருட்டியதும் டார்ச் அடித்து, கோழி அடையும் கட்டையின் அடிப்பக்கத்தையும் பிளவுகளையும் வெள்ளைத் துணியால் துடையுங்கள். ரத்தக்கறை ஒட்டினால் அதுதான். வெப்பமான காலத்தில் ஒரு வாரத்திலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும், அதனால் ஒரே தடவை மருந்தடித்துப் பயனில்லை. குடற்புழுவாலும் கொண்டை வெளிறும். எச்சத்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள்.

செதிலுக்குள் இருப்பது வேறு செள்ளு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து, ஈரம் போனதும் வாஸ்லினைத் தடிமனாகப் பூசுங்கள். செள்ளு மூச்சடைத்துச் சாகும். வாரம் இரண்டு மூன்று முறை, நாலு வாரமாவது. செதிலைப் பிய்க்க வேண்டாம். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

கேட்டவர்:
வாஸ்லின் பூசினால் பாதத்தில் கட்டு வழுக்கிக் கழன்றுவிடாதா?

பதில் 2:
கழலும். அதனால் பாதத்தை முதலில் முடியுங்கள். வெந்நீரில் அல்ல, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, பொவிடோன் அயோடின் வைத்து மெல்லிய துணியால் கட்டிவிட்டு, கட்டுக்கு மேலே உள்ள காலில் மட்டும் வாஸ்லின். விரல் வீங்கினாலோ சில்லிட்டாலோ கட்டு இறுக்கம். தினமும் மாற்றுங்கள். பொருக்கைக் கத்தியால் நோண்ட வேண்டாம், சீழ் உள்ளே கெட்டியாக இருக்கும், பிதுக்கினால் ஆழத்துக்குத்தான் போகும். அடையும் கட்டையை ஒன்றரை அடிக்குக் கீழே இறக்குங்கள். உயரத்திலிருந்து குதிக்கும் அடியிலும் இந்தப் புண் தொடங்கலாம்.

பதில் 1:
செள்ளுக்கும் புழுவுக்கும் ஐவர்மெக்டின் மருந்து என்று யாராவது சொன்னால், மருத்துவரைக் கேட்டபின் போடுங்கள். எத்தனை நாள் முட்டையை உண்ணக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.