கடைக்கு சாஃப்ட்வேர் போட்டவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். வண்ணாரப்பேட்டையில் அப்பா நடத்தும் ஹார்ட்வேர் கடைக்கு, பில்லும் ஸ்டாக்கும் ஒரே இடத்தில் வரட்டும் என்று மூன்று மாதம் முன்பு சாஃப்ட்வேர் போட்டோம். பில் சரியாக வருகிறது. ஸ்டாக்தான் படுத்துகிறது.

பைப்பை முழு லெங்த்தாக வாங்கி அடிக்கணக்கில் அறுத்து விற்கிறோம். ஆணி மூட்டையில் வந்து கிலோவில் போகிறது. ஒரு லெங்த் எத்தனை அடி, ஒரு மூட்டை எத்தனை கிலோ என்ற அளவு மாற்றத்தைத் தொடக்கத்திலேயே பதியாமல் விட்டது என் தவறு. அதோடு "முக்கால் இன்ச் எல்போ", "எல்போ 3/4", "20 எம்எம் எல்போ" என்று ஒரே பொருள் (பைப் திரும்பும் இடத்தில் மாட்டும் வளைவுத் துண்டு) மூன்று பெயரில் ஏறியிருக்கிறது. ரேக்கில் ஒரு டப்பா நிறைய எல்போ இருக்க, திரையில் மைனஸ் 14!

பழைய பெயர்களை ஒன்றாக்கலாமா, இல்லை ஏப்ரல் 1 முதல் புதிதாகத் தொடங்கலாமா? கடையை மூடி ஒரே நாளில் எண்ணினீர்களா, ரேக் ரேக்காகவா?

அப்புறம், 20 வருஷமாக எங்களோடு இருக்கும் அண்ணன் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். அவர் மனம் நோகாமல் பழக்க வேண்டும். மாலைக் கூட்டத்தில் அவர் இல்லாமல் கடை ஓடாது. உங்கள் கடையில் எப்படிச் செய்தீர்கள்? பக்கத்தில் யாராவது இருந்தால் நேரில் வந்தே பார்க்கிறேன்.