‘ரிப்போர்ட் எல்லாம் நார்மல்’ என்ற பிறகு: ஃபைப்ரோமயால்ஜியா அனுபவங்கள்

ஆசிரியை ஒருவர்:

காலையில் எழும்போதே உடம்பை அடித்துப்போட்ட மாதிரி இருக்கும். இன்று தோள் என்றால் நாளை இடுப்பு, மறுநாள் தொடை. கரும்பலகையில் இரண்டு வரி எழுதக் கை தூக்கினால் மூன்றாவது வரிக்குக் கை தானாக இறங்கிவிடும். தோள்பையின் வார் உரசினாலே வலித்த நாட்கள் உண்டு. யாரிடம் சொல்வது இதை? சொன்னால் “அப்படியா, முகத்தைப் பார்த்தால் தெரியவே இல்லையே” என்பார்கள்.

எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர் என்று ஒரு சுற்று வந்தாயிற்று. தைராய்டு, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., வைட்டமின் டி, தசை நொதிக்கான சி.பி.கே. என்று எல்லாம் பார்த்தார்கள். பார்க்கத்தான் வேண்டும், தைராய்டு குறைந்தாலும், கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளாலும் இப்படித் தசை வலி வரும். எனக்கு எல்லாமே சரியாக இருந்தது. ஒரு டாக்டர் கோப்பை மூடி, “உங்களுக்கு ஒன்றும் இல்லை, மனதில் எதையும் போட்டுக்கொள்ளாதீர்கள்” என்றார். நல்ல செய்தி சொன்ன திருப்தி அவருக்கு. நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பு முழுக்க நாட்பட்ட வலி தரும் நோய் என்று பேரைச் சொன்னவர், மூட்டு, தசை வலிகளைப் பார்க்கும் ஒரு வாதநோய் நிபுணர். எங்கெங்கே வலிக்கிறது, எத்தனை மாதமாக, தூங்கி எழுந்தால் களைப்பு தீர்கிறதா, பேசும்போது வார்த்தை நழுவுகிறதா என்று நிதானமாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். கடைசிக் கேள்வியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுபோவது வயதால் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்புறம் தன் கட்டைவிரலை மேசை விளிம்பில் வைத்து, நகம் வெளுக்கும்வரை அழுத்திக் காட்டினார். “இது ஏறக்குறைய நான்கு கிலோ அழுத்தம். பெரும்பாலானவர்களுக்கு இது அழுத்தமாகத்தான் தெரியும், வலியாகத் தெரியாது.” அதே அளவுக்கு என் முழங்கைக்குக் கீழே அழுத்தினார். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் வகுத்த விதி இதுதானாம்: உடம்பின் பல பக்கங்களிலும் நாட்பட்ட வலி இருந்து, 18 இடங்களில் அழுத்தும்போது 11 இடங்களிலாவது வலித்தால் ஃபைப்ரோமயால்ஜியா. 2010-இல் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது 19 பகுதிகளில் எங்கெல்லாம் வலி என்று கணக்கெடுத்து, களைப்பு, தூக்கம், மறதி ஆகியவற்றையும் சேர்த்து, மூன்று மாதங்களாவது நீடிக்கிறதா என்று பார்க்கிறார்கள். அழுத்திப் பார்ப்பது கட்டாயமில்லை. “பிறகு ஏன் அழுத்தினீர்கள்?” என்றேன். “நீங்கள் நம்புவதற்காக” என்றார்.

2002-இல் கிரேஸ்லி என்ற ஆய்வாளரின் குழு செய்த சோதனையைப் பற்றியும் சொன்னார். கட்டைவிரல் நகத்தை அழுத்திக்கொண்டே மூளையை ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். மற்றவர்களுக்குத் தந்த அழுத்தத்தில் பாதிக்குச் சற்று அதிகம் கொடுத்தபோதே, ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவர்களின் மூளையில் வலிக்கான பல பகுதிகள் அதே மாதிரி வேலை செய்தனவாம். தசை கெட்டுப்போகவில்லை, வலியைக் கையாளும் நரம்பு மண்டலம் சத்தத்தைக் கூட்டி வைத்த ரேடியோவாக இருக்கிறது என்றார். எனக்கு வேண்டியிருந்தது இந்த விளக்கம்தான். வலி அன்றைக்கே குறைந்துவிடவில்லை. நடந்தால் ஏதாவது கிழிந்துவிடுமோ என்ற பயம் மட்டும் குறைந்தது, அதனால் நடக்க ஆரம்பித்தேன்.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர்:

டீச்சர் சொன்ன கடைசி வரிதான், வலியைப் புரியவைக்க நாங்கள் நடத்தும் வகுப்புகளின் அடிப்படை. வலியோடு வருகிறவரிடம் எடுத்த எடுப்பில் “நடங்கள்” என்றால், “நடந்தால்தானே வலிக்கிறது, நடக்கச் சொல்கிறீர்களே” என்பார். நியாயமான கேள்வி. அதனால் நான் முதலில் உடம்பின் படம் ஒன்றைக் கொடுத்து வலிக்கும் இடங்களில் வண்ணம் தீட்டச் சொல்கிறேன். பாதிப் படம் சிவப்பாகிவிடும். பக்கத்தில் இருப்பவரின் படமும் அப்படியே இருப்பதைப் பார்க்கும்போது வகுப்பில் ஒரு சிரிப்பு எழும் பாருங்கள், அதற்கு அப்புறம்தான் பாடம்.

ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலார், ஃபைப்ரோமயால்ஜியா சிகிச்சைக்கான பரிந்துரைகளை 2016-இல் புதுப்பித்தது. அதில் உறுதியான பரிந்துரை பெற்றது உடற்பயிற்சி ஒன்றுதான். மாத்திரைகளுக்கு அந்த அளவு பலம் கிடைக்கவில்லை. ஆனால் எவ்வளவு பயிற்சி என்பதில்தான் எல்லாம் சொதப்புகிறது. வலி குறைந்த நாளில் வீடு முழுவதையும் ஒழுங்கு பண்ணுவார்கள், அடுத்த இரண்டு நாட்கள் படுக்கை. “உடற்பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று முடிவு கட்டிவிடுவார்கள். நான் கேட்பது, நல்ல நாளிலும் மோசமான நாளிலும் செய்ய முடிந்த அளவு. அது ஐந்து நிமிட நடையாக இருந்தால் ஐந்து நிமிடம்தான். நல்ல நாளில் ஆறாவது நிமிடம் நடக்கவிடாமல் நிறுத்துவது, மோசமான நாளில் நடக்க வைப்பதைவிடக் கஷ்டம்! நடை பிடிக்காதவர்களுக்கு வெதுவெதுப்பான நீரில் பயிற்சி, அல்லது மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியான தாய்ச்சி. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தாய்ச்சி செய்தவர்கள், ஏரோபிக் பயிற்சி செய்தவர்களுக்குச் சமமாகவோ மேலாகவோ முன்னேறினார்கள்.

இன்னொன்று. “தேய்மானம்”, “நரம்பு நசுங்கியிருக்கு” போன்ற சொற்களை எங்கள் துறையில் இருப்பவர்களே அளவில்லாமல் வீசுகிறார்கள். ஒருவர் மனதில் அது பதிந்துவிட்டால், குனியவே பயப்படுவார். அதை எடுக்க மாதக்கணக்காகிறது.

கணக்காளர் ஒருவர்:

நான் ஆண். பெண்களுக்குத்தான் இது அதிகம் என்பது உண்மை, அதனாலேயே எனக்குக் கண்டுபிடிக்கத் தாமதமானது என்று நினைக்கிறேன்.

எனக்கு இரவில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். மருந்துக் கடையில் “இது மனச்சோர்வு மாத்திரை ஆச்சே” என்றார்கள், வீட்டில் எல்லோரும் கலவரப்பட்டார்கள். மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் குறைவான அளவில், வலிக்கும் தூக்கத்துக்கும் தருவது என்று டாக்டர் முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் உலர்ந்தது, காலையில் கொஞ்சம் மந்தம். ஆனால் முழு இரவுத் தூக்கம் என்றால் என்ன என்பது மறுபடி தெரிந்தது. அதற்கு முன் நரம்பு வலிக்குத் தரும் ப்ரீகாபலின் சாப்பிட்டேன். வலி குறைந்தது, தலைசுற்றலும் எடையும் கூடின. அமெரிக்காவில் 2007-இல் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென்று முதலில் அனுமதி பெற்றது அதுதான். 2008-இல் டுலாக்செடின், 2009-இல் மில்நாசிப்ரான். இவற்றில் எதையும் நாமாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது, மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

சாதாரண வலி மாத்திரைகளை நான் கைநிறைய விழுங்கியிருக்கிறேன். இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில், இந்த வகை நாட்பட்ட வலிக்குப் பாராசிட்டமால், இபுப்ரோஃபென், அபின் வகை வலி மருந்துகளான ஓபியாய்டு எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றே இருக்கிறது. என் வயிற்றுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்:

அம்மாவுக்கு நடந்த வகுப்பில் ஒரு நாள் குடும்பத்தினர் கட்டாயம் வர வேண்டும் என்றார்கள். அப்பா வேண்டா வெறுப்பாக வந்தார். வெறுமனே கையைப் பிடித்தால் ஏன் வலிக்கிறது என்று விளக்கியபோது அவர் எழுந்து, “நேற்று சரியாக இருந்தவள் இன்று எப்படிப் படுத்துவிடுகிறாள்?” என்று கேட்டார். கேட்காமல் வருடக்கணக்காக உள்ளுக்குள் வைத்திருந்த கேள்வி. ஏற்ற இறக்கம் இந்த நோயின் இயல்பு, நேற்று சரியாக இருந்தது இன்றைய வலி பொய் என்பதற்குச் சாட்சி இல்லை என்று வகுப்பை நடத்திய செவிலியர் சொன்னார். அம்மா சொன்னபோது எடுபடாதது, வெள்ளைக் கோட்டு சொன்னபோது எடுபட்டது. எரிச்சல்தான், ஆனாலும் பரவாயில்லை. இப்போது அப்பா “இன்னும் வலிக்குதா?” என்று கேட்பதில்லை, “இன்னைக்கு எவ்வளவு முடியும்?” என்கிறார்.

ஆசிரியை மீண்டும்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பேர் கிடைத்த பிறகு வருகிற எல்லா வலியையும் அதன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கை கால் பலம் இழப்பது, இதெல்லாம் ஃபைப்ரோமயால்ஜியா செய்வதில்லை. சென்ற வருடம் என் மணிக்கட்டு வீங்கியபோது “இது உங்கள் பழைய வலிதான்” என்றார் ஒரு புது டாக்டர். வாதநோய் நிபுணரிடம் போய்க் காட்டினேன். அது வேறு, அதற்கு இப்போது தனி மருந்து சாப்பிடுகிறேன்.