கோத்தகிரி மலைச்சாலையில் எஸ்யூவியின் முன்பக்கம் 'டக் டக்' என்கிறது: எதை மாற்ற வேண்டும்?

கேள்வி: கோத்தகிரி தோட்டவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்து ஏழு இருக்கை டீசல் எஸ்யூவி 70,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சஸ்பென்ஷன் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக அமைந்தது), பின்பக்கம் காயில் ஸ்பிரிங். தேயிலைத் தோட்டத்துக்குள் செல்லும் கல் பாவிய பாதையில் மெதுவாகப் போகும்போது, முன் இடப்பக்கத்திலிருந்து 'டக் டக்' என்று விடாமல் ஒலி வருகிறது. மேட்டுப்பாளையம் சாலையில் தார் சீராக உள்ள இடங்களில் அது கேட்பதே இல்லை. கொண்டை ஊசி வளைவுக்கு முன் பிரேக் அழுத்தினால் சில நேரம் அடியில் 'தொம்' என்று ஒரே ஒரு முறை இடிக்கிறது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போதும் அப்படியே. இவை தவிர, அதிகாலைக் குளிரில் வேகத்தடை ஏறி இறங்கினால் 'கிரீச்' என்ற முனகல் எழுகிறது. வெயில் ஏறியதும் மறைந்துவிடுகிறது.

கோவையில் ஒரு பணிமனையில் காட்டியபோது, ஓட்டிப் பார்க்காமலேயே நான்கு ஷாக் அப்சார்பர்களையும் மாற்றச் சொன்னார்கள். அவற்றில் எண்ணெய்க் கசிவு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு அடிக்கடி மலை இறங்க வேண்டியிருப்பதால், இவற்றில் ஆபத்தானது எது, சற்றுப் பொறுக்கக்கூடியது எது என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: குன்னூர் மெக்கானிக்

ஐயா, நீங்கள் கேட்பது ஒரு ஒலி அல்ல, மூன்று ஒலிகள். மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டியதில்லை என்பதால், ஒவ்வொன்றும் எப்போது வருகிறது என்பதைக் கொண்டே தேட வேண்டும்.

ஆபத்தானதை முதலில் விலக்கிவிடுங்கள். வண்டியின் உடற்பகுதியில் ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டபின், லோயர் ஆர்முக்கும் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை) நக்கிளுக்கும் (சக்கரம் பொருந்தியிருக்கும் இரும்புப் பகுதி) நடுவே ஒரு கடப்பாரையை நுழைத்து மெல்ல நெம்பச் சொல்லுங்கள். இவ்விரண்டையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டில் ஆட்டம் தெரிந்தாலோ, அதன் ரப்பர் உறை கிழிந்து உள்ளே மழைநீரும் துருவும் சேர்ந்திருந்தாலோ, அதை மாற்றாமல் மலை இறங்கவே கூடாது. அது கழன்றால் சக்கரம் மடிந்துவிடும். சக்கரத்தை இருபுறமும் பிடித்து இட வலமாக அசைத்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டின் ஆட்டமும் தெரியும்.

கல் பாதையில் வரும் 'டக் டக்' பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடாக இருக்கும்; வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் சிறு கம்பி அது. இரண்டு முன்சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கும்போது ஸ்டெபிலைசர் பார் முறுக்கப்படுவதில்லை. கற்களின்மேல் ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் போகும்போதுதான் அது முறுக்கி இழுக்கிறது. தேய்ந்த லிங்க் அங்கேதான் தட்டும். இதை உறுதிசெய்ய வழி உண்டு. இரு சக்கரங்களும் ஒரே உயரத்தில் இருக்கும்படி வைத்து, இரண்டு லிங்க்குகளையும் கழற்றிவிட்டு, பார் எதிலும் இடிக்காதவாறு கட்டி, அதே தோட்டப்பாதையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஒலி நின்றால் குறை லிங்க்கிலோ, பாரைத் தாங்கும் ரப்பரான ஸ்டெபிலைசர் புஷ்ஷிலோதான். அந்த நிலையில் வளைவுகளில் வண்டி அதிகமாகச் சாயும் என்பதால் தோட்டத்தைத் தாண்டி எடுத்துச் செல்லக் கூடாது.

பிரேக்கில் வரும் 'தொம்', லோயர் ஆர்மின் பின்புற புஷ் கிழிந்ததன் அறிகுறியாகத் தோன்றுகிறது. பிரேக் பிடித்தால் சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுகிறது. பின்னால் எடுக்கும்போது விசையின் திசை மாறுகிறது. அந்தத் தள்ளலை வாங்க வேண்டிய ரப்பர் கிழிந்திருந்தால் இரும்பு இரும்பின்மேல் மோதும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர். இறங்கும் வழியெல்லாம் பிரேக்கைப் பிடிப்பதும் விடுவதுமாக ஓடும் நம் வண்டிகளில் இந்த புஷ்ஷை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

கசிவு இல்லை என்பதாலேயே ஷாக் நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பள்ளத்தில் இறங்கிய வண்டி ஒரே அசைவில் அடங்காமல் திரும்பத் திரும்பக் குதித்தால்தான் அதைச் சந்தேகிக்க வேண்டும். ஓட்டிப் பார்க்காமல் நான்கையும் மாற்றச் சொன்னதை நான் ஏற்கமாட்டேன்.

பதில்: ஊட்டி ஓட்டுநர்

குளிரில் வரும் முனகல் ரப்பர் இறுகுவதால் வருவது. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் இங்கே பல வண்டிகளில் கேட்கலாம். ஸ்டெபிலைசர் புஷ்ஷின்மேல் சாதாரணத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். முனகல் சிறிது நேரம் அடங்கினால் இடம் அதுவே. சிலிக்கான் கிரீஸ் மட்டும் தடவலாம். மழைக்காலத்துக்கு முன் வண்டியின் அடியில் டீசலும் பழைய ஆயிலும் அடிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது ரப்பரை ஊதச்செய்து கெடுக்கிறது.

இன்னொன்று: 'டக் டக்' வரும்போது பிரேக்கை லேசாக மிதித்துப் பாருங்கள். உடனே நின்றால் சஸ்பென்ஷனை விட்டுவிட்டு, பிரேக் பேடையும், பேடை அழுத்தும் காலிப்பரின் பின்னையும் கவனியுங்கள்.

மறுமொழி: கோத்தகிரி தோட்டவாசி

இருவருக்கும் நன்றி. பிரேக்கை மிதித்தும் 'டக் டக்' நிற்கவில்லை. லிங்க்குகளைக் கழற்றியதும் முழுவதுமாக நின்றது. பால் ஜாயின்ட்டில் ஆட்டம் இல்லை. இடப்பக்க லோயர் ஆர்மின் பின்புற புஷ் பாதி கிழிந்திருக்கிறது. அந்த புஷ்ஷை மட்டும் மாற்றினால் போதுமா, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டுமா?

பதில்: குன்னூர் மெக்கானிக்

லிங்க்குகளை இருபுறமும் மாற்றிவிடுங்கள். அதற்கு மட்டுமென்றால் அலைன்மென்ட் தேவையில்லை. லோயர் ஆர்மைக் கழற்றினால் கட்டாயம் பார்க்க வேண்டும். அழுத்துப்பொறியான பிரஸ்ஸில் சரியான திசையில் புஷ்ஷைப் பொருத்தத் தெரிந்தவர் இருந்தால் புஷ் மட்டும் போதும்; இல்லையென்றால் முழு ஆர்ம் வாங்குவதே பாதுகாப்பு.

பணி நடக்கும்போது அருகில் நின்று ஒன்றை மட்டும் வலியுறுத்துங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் ஆர்மின் போல்ட்டுகளை முழுவதுமாக முடுக்கக் கூடாது. அப்படி முடுக்கினால், வண்டி தரையில் இறங்கிய நொடியிலேயே புது ரப்பர் முறுக்கிக்கொண்டு, அந்த முறுக்கிலேயே நாள் முழுவதும் இருந்து, விரைவில் கிழிந்துவிடும். போல்ட்டுகளை லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியின் எடை நான்கு சக்கரங்களிலும் இறங்கியபின், முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு தயாரிப்பாளர் குறிப்பேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். ஒருமுறை கழற்றிய, தானாகத் தளராத வகை லாக் நட்டுகளைத் திரும்பப் போட வேண்டாம். புஷ் மாற்றும் வேலை முடியும்வரை பெற்றோரை வேறு வண்டியில் அழைத்துச் செல்லுங்கள்.