தவில் தொப்பியைக் காணோம்: ‘பெரிய வீடு’ குழுவில் ஞாயிறு காலை

பெரியப்பா (7:40)
செல்வி, காது மிஷின் உன் வேலையாயிற்றே, ஒரு சந்தேகம். புது காது மிஷினில் பேச்செல்லாம் நன்றாகக் கேட்கிறது. பேரன் பேசுவதுகூடப் புரிகிறது. ஆனால் போனிலிருந்து நேரே மிஷினுக்கு நாதஸ்வரக் கச்சேரி போட்டால் சப்பென்று இருக்கிறது. தவிலில் விரலால் வாசிக்கும் வலந்தலைப் பக்கம் மட்டும் சடசடவென்று வருகிறது, குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் கனமான ஒலியைக் காணோம். வாங்கின இடத்தில் கேட்டேன். மிஷின்னா அப்படித்தான் சார் என்று அனுப்பிவிட்டார்கள்.

கார்த்திக் (7:46)
பெரியப்பா, பாட்டுக்கு மட்டும் தனியாக இயர்பட்ஸ் வாங்கிவிடுங்கள். 2000 ரூபாய்க்கே பேஸ், அதாவது கனமான ஒலி, அதிரும்.

பெரியப்பா (7:49)
நீ பொங்கலுக்கு வந்தபோது உன்னுடையதை மாட்டிப் பார்த்தேனேப்பா. தொப்பி கும்மென்று வந்தது. ஆனால் நாதஸ்வரம் போர்வைக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. சவுண்டைக் கடைசி வரை ஏற்றியும் தெளிவில்லை.

செல்வி அக்கா (7:58)
பெரியப்பா, நீங்கள் சொன்னதிலேயே காரணம் இருக்கிறது. நீங்கள் அனுப்பியிருந்த ஆடியோகிராமை, அதாவது காது பரிசோதனைக் கோட்டுப் படத்தை, திரும்ப எடுத்துப் பார்த்தேன். கனமான ஒலிகள் இருக்கும் 500 ஹெர்ட்ஸ் வரை உங்கள் காது கிட்டத்தட்ட சரியாகவே இருக்கிறது. கூர்மையான ஒலிகள் இருக்கும் 2000-க்கு மேல்தான் கோடு சரசரவென்று இறங்குகிறது. வயதால் வரும் குறைவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அதனால்தான் உங்களுக்கு ஓட்டை வைத்த ரப்பர் டோம், அதாவது காதுக்குள் போகும் குமிழ் முனை, போட்டிருக்கிறார்கள். எதிரில் ஒருவர் பேசும்போது கனமான ஒலி அந்த ஓட்டை வழியாகத் தானே உள்ளே போய்விடும். மெல்லிய கூர்மையான ஒலியை மட்டும் மிஷின் கூட்டித் தரும். பேச்சுக்கு அருமையான ஏற்பாடு.

போனிலிருந்து பாட்டு வரும்போது நிலைமை வேறு. அறைக்குள் தவிலே இல்லை, ஓட்டை வழியாக உள்ளே வர ஒன்றும் கிடையாது. எல்லாமே காதுக்குள் இருக்கும் அந்தக் குட்டி ஸ்பீக்கரிலிருந்துதான் வர வேண்டும். அது தருகிற கொஞ்சநஞ்ச பேஸும் அதே ஓட்டை வழியாக வெளியே போய்விடுகிறது.

கார்த்திக் (8:01)
அப்போது போன் ஒலியைச் சுருக்கி அனுப்பும் கோடெக் காரணம் இல்லையா அக்கா? ஆண்ட்ராய்டு போன் மிஷினுக்கு ஒலி அனுப்பும் ஆஷா முறையில் போனால் ஜி.722 கோடெக், 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங். 8000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவுமே வராதே.

செல்வி அக்கா (8:04)
வராது, சரிதான். ஆனால் அங்கே வெட்டுப்படுவது மேல் முனை. பெரியப்பா தேடுவது கீழ் முனை. எல்இ ஆடியோ என்ற புது புளூடூத் முறை, எல்சி3 என்ற அதன் கோடெக் என்று புதிதாக வந்திருக்கும் மிஷினை வாங்கினாலும் டோம் திறந்திருந்தால் தொப்பி வரப்போவதில்லை.

பெரியப்பா, இப்போதே ஒன்று செய்து பாருங்கள். அதே கச்சேரியைப் போட்டு, ஆப்பில் மிஷினின் மைக்கை மியூட் செய்யுங்கள். இல்லாவிட்டால் விசில் அடிக்கும். அப்புறம் காதுத் துவாரத்துக்கு முன்னால் சின்னதாக ஒரு மடல் இருக்கிறதல்லவா, அதை விரலால் மெதுவாக அழுத்தித் துவாரத்தை மூடுங்கள். இரண்டு காதிலும்.

பெரியப்பா (8:15)
வந்துவிட்டது செல்வி! தொப்பியில் குச்சி விழுவது ஒவ்வொன்றும் தெரிகிறது. விரலை எடுத்தால் போய்விடுகிறது, மூடினால் வருகிறது. உன் பெரியம்மா என்ன செய்கிறீர்கள் என்று வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

ராதா அத்தை (8:17)
அப்படியானால் அந்த ஓட்டையை அடைத்துவிட்டால் போதுமே?

செல்வி அக்கா (8:24)
போதாது அத்தை. அடைத்தால் அவர் குரலே அவருக்கு மண்டைக்குள் முழங்கும். முறுக்குக் கடிக்கிற சத்தம்கூடத் தாங்காது. இதனாலேயே மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டவர்கள் நிறைய பேர் எங்களிடம் வருகிறார்கள்.

நடுவே வழி இருக்கிறது. ஓட்டை சிறியதாக இருக்கும் டோம், அல்லது காது அளவெடுத்துச் செய்யும் மோல்டு. எதைப் போட்டாலும் ஆடியோலஜிஸ்ட், அதாவது செவித்திறன் நிபுணர், கம்ப்யூட்டரில் இணைத்து அதற்கேற்ப செட்டிங்கை மாற்ற வேண்டும். வீட்டிலேயே டோமை மாற்ற வேண்டாம் பெரியப்பா. சரியாக மாட்டாவிட்டால் கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிடும்.

கூடவே இசைக்கென்று தனி புரோகிராம் கேளுங்கள். போனிலிருந்து வரும் ஒலிக்கு மட்டும் பேஸைக் கொஞ்சம் ஏற்றித் தரலாம். கோயிலில் நேரில் கேட்கவும் அது வேண்டும். நாதஸ்வரத்தில் ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தால், பேச்சு புரோகிராம் அதை விசில் என்று எண்ணி அடக்கப் பார்க்கும். இசை புரோகிராமில் அந்தத் தடுப்பையும் இரைச்சல் குறைப்பையும் தளர்த்தி வைப்பார்கள்.

மிஷின்னா அப்படித்தான் என்று சொல்லி அனுப்புவது எனக்குக் கோபமாகத்தான் வருகிறது. பாட்டுக் கேட்பதும் காதின் வேலைதானே.

கார்த்திக் (8:27)
இயர்பட்ஸ் வேண்டவே வேண்டாமா?

செல்வி அக்கா (8:36)
உனக்கு நல்லது. அதன் சிலிகான் முனை துவாரத்தை அடைக்கிறது, ஸ்பீக்கரும் பெரியது. அதனால் பேஸ் தங்குகிறது. ஆனால் அதற்குப் பெரியப்பாவின் ஆடியோகிராம் தெரியாது. எல்லா ஒலியையும் ஒரே மாதிரிதான் தரும். நாதஸ்வரம் தெளியட்டும் என்று அவர் சவுண்டை ஏற்றினால், மிச்சம் இருக்கும் கேட்கும் திறனும் அடி வாங்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 என்றால் 4 மணி நேரம்தான். கடைசி வரை ஏற்றினால் 90 எல்லாம் சாதாரணமாகத் தாண்டும்.

ராதா அத்தை (8:39)
ஏர்பாட்ஸே காது மிஷினாக வேலை செய்யுமாமே?

செல்வி அக்கா (8:45)
ஏர்பாட்ஸ் ப்ரோ 2-க்கு அந்த வசதி வந்திருக்கிறது அத்தை. 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ அனுமதித்தது. குறைவு லேசாகவோ நடுத்தரமாகவோ இருக்கும் வயது வந்தவர்களுக்கு. பாட்டு நன்றாகவே இருக்கும். ஆனால் சார்ஜ் ஆறு மணி நேரம் போலத்தான் நிற்கும், மிஷின் நாள் முழுக்க ஓடும். பெரியப்பாவிடம் ஐபோனும் கிடையாது. கையில் இருப்பதையே முதலில் சரி செய்து பார்ப்போம்.

பெரியப்பா (8:50)
அந்தக் கடைக்கே போகட்டுமா, உன்னிடம் வரட்டுமா?

செல்வி அக்கா (8:53)
அங்கேயே போங்கள். செட்டிங் மாற்றுவது வாரண்டியோடு சேர்ந்ததா என்று கேளுங்கள். ஆடியோலஜிஸ்ட் இருக்கும் நாளைத் தெரிந்துகொண்டு போங்கள். இந்தக் கச்சேரியை போனில் எடுத்துப் போய், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அங்கேயே உட்கார்ந்து கேட்டுச் சொல்லுங்கள். சரிவராவிட்டால் அடுத்த நாளே கிளம்பி இங்கே வந்துவிடுங்கள்.

ராதா அத்தை (8:55)
நான் கூடப் போகிறேன் செல்வி. அண்ணா, செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வருகிறேன், பழைய ரிப்போர்ட்டை எடுத்து வையுங்கள்.