வீட்டில் செய்த டிவிடி: நகல்கள் மட்டும் கடைசியில் திக்கி நிற்பது ஏன்?

நிலவன்_க:
வணக்கம் நண்பர்களே. பழைய கேம்கார்டர் டேப்புகளில் இருந்த வீட்டு வீடியோக்களைக் கணினியில் ஏற்றி, மெனு எல்லாம் வைத்து ஒரு டிவிடி செய்திருக்கிறேன். மொத்தம் 1 மணி 50 நிமிடம். டிஸ்க் கிட்டத்தட்ட முழுக்க நிரம்பிவிட்டது. முதலில் எழுதிய டிஸ்க், எந்தப் பிளேயரில் போட்டாலும் கடைசி வரை ஓடுகிறது. அதிலிருந்து சொந்தக்காரர்களுக்கு நகல் போடும்போதுதான் தலைவலி. பாதிக்கு மேற்பட்ட நகல்கள் ஒன்றேகால் மணி நேரம் நன்றாக ஓடுகின்றன. அப்புறம் படம் கட்டம் கட்டமாக உடைந்து, சத்தம் விட்டுவிட்டு வந்து, அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு சிலவற்றைப் பழைய பிளேயர் டிஸ்க் என்றே ஏற்பதில்லை. ஆனால் எல்லாமே கணினியில் ஓடுகின்றன!

நான் செய்வது: வெளியே ஒரு மெல்லிய யூஎஸ்பி டிரைவில் மூல டிஸ்க்கை வைத்து, கணினிக்குள் இருக்கும் டிரைவில் நேரடியாக நகல் எழுதுகிறேன். வெற்று டிஸ்க் 16 எக்ஸ் (டிவிடியின் அடிப்படை வேகத்தைப் போல 16 மடங்கு வரை எழுதக்கூடியது) டிவிடி மைனஸ் ஆர் (ஒருமுறை மட்டும் எழுதும் வகை). வேகம் 'அதிகபட்சம்' என்று இருக்கிறது. எதைச் சந்தேகிப்பது?

கேசட்காலம்:
வேகத்தைக் குறையுங்கள் தம்பி, வேறு எதையும் தொட வேண்டாம். 4 எக்ஸ், அதற்கு மேல் போகாதீர்கள். டிஸ்க்கில் பூசியிருக்கும் சாயத்தில் குறி பதிக்க லேசருக்கு நேரம் கொடுத்தால்தான் பதிவு சுத்தமாக விழும். பல வருடங்களாக என் டேப்புகளையெல்லாம் 4 எக்ஸில்தான் எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கும் எடுத்துப் போட்டால் ஓடுகின்றன.

சுழல்தட்டு:
ஐயா சொல்வதில் பாதியை ஏற்கிறேன், '4 எக்ஸ் எல்லாவற்றுக்கும் மருந்து' என்பதை ஏற்கவில்லை. 16 எக்ஸ் டிஸ்க்கின் சாயமே வேகமான பதிவுக்காகத் தயாரானது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் தயாரிப்பாளரின் குறியீடு ஒன்று முன்கூட்டியே பதிந்திருக்கும். டிரைவ் அதைப் படித்து, தன் ஃபர்ம்வேரில் (டிரைவுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில்) இருக்கும் அட்டவணையைப் பார்த்து, இந்த டிஸ்க்குக்கு, இந்த வேகத்துக்கு லேசர் எவ்வளவு சக்தியில், எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று முடிவு செய்கிறது. அந்த அட்டவணை நடுத்தர வேகங்களுக்குத்தான் பெரும்பாலும் நன்றாகச் சரிசெய்யப்பட்டிருக்கும். 16 எக்ஸ் டிஸ்க்கை 8 எக்ஸில் எழுதுவதே என் பழக்கம். 4 எக்ஸில் பிழை கூடியதையும் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் நிலவன் ஒன்று சொல்ல வேண்டும். எல்லா நகல்களும் ஒரே காட்சியில் நிற்கின்றனவா, ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்திலா? பிளேயரில் ஓடும் நேரத்தைக் குறித்துப் பாருங்கள். ஒரே நொடியில் நின்றால் கோப்பில் கோளாறு, அல்லது மூல டிஸ்க்கை அந்த இடத்தில் படிக்க முடியவில்லை. இடம் மாறி மாறி நின்றால் டிஸ்க், டிரைவ், வேகம் இந்த மூன்றில் ஏதோ ஒன்று. இது தெரியாமல் வேகத்தை மாற்றுவதும் பிராண்டை மாற்றுவதும் இருட்டில் கல் எறிவதுதான்.

ஆதிரை:
நீங்கள் இருவருமே பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவாகும் தரவின் அளவை, மறந்துவிட்டீர்கள். டிவிடி வீடியோவுக்குப் படம், ஒலி எல்லாம் சேர்த்து நொடிக்கு 10.08 மெகாபிட் உச்ச வரம்பு, படத்துக்கு மட்டும் 9.8. வீட்டுப் பிளேயர் டிஸ்க்கை 1 எக்ஸில் படித்தால் கிடைப்பது நொடிக்கு 11.08 மெகாபிட். வீடியோ வரம்பை ஒட்டி எகிறும் இடத்தில், படிக்க முடியாத ஒரு பகுதியைத் திரும்பப் படிக்கப் பிளேயருக்கு அவகாசமே இருக்காது. கணினி டிரைவ் அதே இடத்தைப் பல முறை படித்து, வேகத்தை ஏற்றி இறக்கிச் சமாளித்துவிடும். அதனால்தான் அங்கே ஓடுகிறது. டேப்பிலிருந்து எடுத்த படத்தில் இரைச்சல் அதிகம், என்கோடர் (வீடியோவைச் சுருக்கும் மென்பொருள்) அந்தப் புள்ளிகளுக்கெல்லாம் பிட்டை வாரி இறைத்திருக்கும். உச்சத்தை 8 மெகாபிட்டுக்குள் அடக்கி மறுபடியும் என்கோட் செய்யுங்கள் என்பதுதான் என் யோசனை.

சுழல்தட்டு:
ஆதிரை, மூல டிஸ்க்கிலும் அதே கோப்புகள்தானே? அது எல்லாப் பிளேயரிலும் ஓடுகிறது என்கிறாரே. பிறகு ஏன் மறுபடியும் என்கோட் செய்யச் சொல்கிறீர்கள்? ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் இறங்கும். டேப் வீடியோவில் அது கண்ணுக்குத் தெரியும்.

ஆதிரை:
மூல டிஸ்க் நல்ல டிஸ்க்காக அமைந்திருக்கலாம். அதில் பிழைகள் குறைவாக இருப்பதால் எகிறும் பிட்ரேட்டையும் பிளேயர் தாங்குகிறது. நகலில் பிழைகள் கூடும்போது அதே இடம் பாரமாகிவிடுகிறது. கோப்பு விதியை மீறவில்லை என்பதும், சுமாரான டிஸ்க்கிலும் தாக்குப்பிடிக்கும் என்பதும் ஒன்றல்ல. பத்துப் பேர் வீட்டில் பத்து விதமான பிளேயர் இருக்கும். அத்தனையிலும் ஓட வேண்டும் என்றால் கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்ய வேண்டும்.

இளவெயில்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எம்பி4 கோப்பாக மாற்றிப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் இத்தனை பாடும் வேண்டாமே?

நிலவன்_க:
யோசித்தேன் நண்பரே. வாங்கிக்கொள்ளப் போகிறவர்களில் பாதிப் பேர் வயதானவர்கள். டிஸ்க்கைப் போட்டு, மெனுவில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் வர வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்குப் பழக்கம். டிவியில் யூஎஸ்பி எங்கே இருக்கிறது என்று தேட வைக்க எனக்கு மனமில்லை. இளையவர்களுக்குப் பென்டிரைவ் கொடுத்துவிடுவேன்.

சுழல்தட்டு கேட்டபடி பார்த்தேன். ஒன்று 1:14இல் நிற்கிறது, இன்னொன்று 1:22, மற்றொன்று 1:31. ஒரே காட்சி இல்லை. ஆனால் எல்லாமே பிற்பாதியில்தான்.

சுழல்தட்டு:
அப்படியானால் கோப்பு தப்பித்தது. டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போகும். மையத்திலிருந்து சுமார் 24 மில்லிமீட்டரில் ஆரம்பித்து 58 மில்லிமீட்டரில் முடியும். உங்கள் டிஸ்க் முழுக்க நிரம்பியிருப்பதால் 1:14 என்பது ஏறக்குறைய 50 மில்லிமீட்டர், அதாவது வெளிவட்டம். சாயப்பூச்சு சீராக இல்லாமல் போவதும், தட்டு லேசாக வளைந்திருப்பதும் அதிகம் காட்டிக்கொடுக்கும் பகுதி அதுதான்.

வேகமும் அங்கேதான் உச்சம். 16 எக்ஸ் என்று போட்டால் டிரைவ் முழு நேரமும் 16இல் எழுதுவதில்லை. சுற்றும் வேகம் மாறாமல் இருக்கும், அதனால் உள்வட்டத்தில் 6 எக்ஸ் சொச்சத்தில் தொடங்கி, விளிம்பில்தான் 16ஐத் தொடும். உங்கள் நகல்கள் உடையும் இடத்தில் டிரைவ் 13, 14 எக்ஸில் எழுதிக்கொண்டிருந்திருக்கும்.

கேசட்காலம்:
இதைத்தானே நான் முதல் வரியிலேயே சொன்னேன்? வேகம்தான்!

சுழல்தட்டு:
16 வேண்டாம் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை ஐயா. 8 போதும், 4 வரை இறங்கத் தேவையில்லை என்கிறேன். நீங்கள் 4 எக்ஸில் எழுதி வைத்த டிஸ்க்குகள் எந்த வேகத்துக்கானவை?

கேசட்காலம்:
பெரும்பாலும் 8 எக்ஸ் டிஸ்க். சில 4 எக்ஸ். அப்போது கிடைத்தவை அவைதான்.

சுழல்தட்டு:
அப்படியென்றால் நீங்களும் பெரும்பாலும் டிஸ்க்கின் உச்ச வேகத்தில் பாதியில்தான் எழுதியிருக்கிறீர்கள். 16 எக்ஸ் டிஸ்க்குக்கு அந்தப் பாதி 8.

மணிமாறன்_டெக்:
எனக்கு உறுத்துவது வேறொன்று. யூஎஸ்பி டிரைவிலிருந்து நேரடியாக நகல் எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். மெல்லிய டிரைவுக்கு மின்சாரம் யூஎஸ்பி வழியாகத்தான் வருகிறது. யூஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லியாம்பியர். ஹப்பில் செருகியிருந்தால் அதுவும் பங்காகிவிடும். படிக்கும் டிரைவ் நடுவில் தடுமாறினால், எழுதும் டிரைவ் தரவுக்காகக் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடங்கும். இன்றைய டிரைவ்கள் இதைத் தாங்கும், டிஸ்க் வீணாகாது. ஆனாலும் அந்த ஒட்டுகள் கூடுவது நல்லதல்ல.

மூல டிஸ்க்கை ஒரே ஒரு முறை ஐஎஸ்ஓ கோப்பாக (டிஸ்க்கில் இருப்பது எல்லாம் அப்படியே அடங்கிய ஒரே கோப்பாக) வன்தட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எல்லா நகலையும் அதிலிருந்தே எழுதுங்கள். இம்ஜ்பர்ன் போன்ற மென்பொருளில் எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. அதை அணைக்க வேண்டாம்.

நிலவன்_க:
ஆமாம், ஹப்பில்தான் இருந்தது. ஐஎஸ்ஓ எடுத்துவிட்டேன், பிழை எதுவும் வரவில்லை. அதை 8 எக்ஸில் எழுதினேன். எழுதிய டிஸ்க்கைத் திரும்பப் படித்து ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) எடுத்தால் ஐஎஸ்ஓவின் ஹேஷோடு பொருந்தவில்லை. ஆனால் பிளேயரில் கடைசி வரை ஓடுகிறது! குழப்பமாக இருக்கிறது.

மணிமாறன்_டெக்:
பயப்பட வேண்டாம். டிவிடியில் தரவு செக்டர் என்ற சிறு துண்டுகளாக இருக்கும், ஒரு செக்டர் 2048 பைட். ஆனால் பிழைதிருத்தம் 16 செக்டர்களை ஒரு கட்டாக வைத்துத்தான் நடக்கும், அதாவது 32 கிலோபைட். உங்கள் ஐஎஸ்ஓவின் செக்டர் எண்ணிக்கை 16ஆல் மீதமின்றி வகுபடாவிட்டால், கடைசிக் கட்டைச் சுழியங்களால் நிரப்பி எழுதியிருக்கும். டிஸ்க்கை முழுக்கப் படிக்கும்போது அந்த வாலும் சேர்ந்து வந்துவிடுகிறது, ஹேஷ் மாறிவிடுகிறது. ஐஎஸ்ஓவின் நீளத்துக்கு மட்டும் படித்து ஹேஷ் எடுங்கள், பொருந்த வேண்டும். அப்போதும் பொருந்தாவிட்டால்தான் கவலை.

ஆதிரை:
இன்னொன்று, சரிபார்ப்பில் 'வெற்றி' என்று வந்தாலே டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கணினி போராடிப் படித்ததும் வெற்றிதான். படிக்கும்போது வேகத்தின் வரைபடத்தைப் பாருங்கள். கோடு உள்ளிருந்து வெளியே சீராக ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் பள்ளம் விழுந்தால் டிரைவ் அங்கே திணறியிருக்கிறது. வீட்டுப் பிளேயர் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும்.

நிலவன்_க:
ஐஎஸ்ஓ நீளத்துக்குப் படித்தேன், ஹேஷ் அப்படியே பொருந்துகிறது. நன்றி மணிமாறன் அண்ணா. வரைபடமும் எடுத்தேன். 8 எக்ஸ் நகலில் கோடு வழவழவென்று ஏறுகிறது. பழைய 16 எக்ஸ் நகலில் முக்கால்வாசிக்கு மேல் அரம் மாதிரி பல் பல்லாக இருக்கிறது. ஆனால் 8 எக்ஸில் எழுதியதிலும் ஒன்று கடைசிப் பத்து நிமிடத்தில் திக்கியது. பழைய பிளேயரும் அதை ஏற்க நேரம் எடுத்துக்கொண்டது. மற்றவற்றுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதற்கு மட்டும் படம் அச்சிட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன்.

மணிமாறன்_டெக்:
ஸ்டிக்கரா! முதல் நகல்களிலும் ஒட்டியிருந்தீர்களா?

நிலவன்_க:
சிலவற்றில். பழைய பிளேயர் ஏற்காதவை எல்லாமே ஸ்டிக்கர் உள்ளவை என்று இப்போது பார்த்தால் தெரிகிறது.

மணிமாறன்_டெக்:
காகித ஸ்டிக்கரை டிவிடியில் ஒட்டவே வேண்டாம். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தட்டுகளைச் சேர்த்து ஒட்டியது. காகிதம் ஈரத்தையும் சூட்டையும் வாங்கிச் சுருங்கினால் தட்டை இழுத்து வளைக்கும். ஒரு மயிரிழை தள்ளி ஒட்டினாலும் சுற்றும்போது அதிரும். இரண்டுமே விளிம்பில்தான் அதிகம் தெரியும். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2003இல் வெளியிட்ட டிஸ்க் பராமரிப்பு வழிகாட்டியும் டிவிடியில் ஸ்டிக்கர் கூடாது என்றுதான் சொல்கிறது. ஒட்டியதை உரிக்கவும் முயல வேண்டாம், தட்டே பிரிந்து வரலாம். புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். அழகாக வேண்டுமென்றால் மேற்பரப்பில் நேரடியாக அச்சிடக்கூடிய வெள்ளை டிஸ்க் வாங்குங்கள், இல்லையென்றால் டிஸ்க்குக்கான பேனாவால் எழுதுங்கள்.

கேசட்காலம்:
ஸ்டிக்கர் விஷயத்தில் முழு உடன்பாடு. ஆனால் பிளேயர் ஏற்காததற்கு இன்னொரு வழியும் உண்டு. டிவிடி பிளஸ் ஆர் (ஒருமுறை எழுதும் இன்னொரு வகை) வாங்கி, புக் டைப்பை, அதாவது டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறியை, டிவிடி ரோம் என்று மாற்றி எழுதினால் பழைய பிளேயர் அதைத் தொழிற்சாலையில் தயாரான டிஸ்க் என்று நினைத்து ஏற்கும்.

சுழல்தட்டு:
டிரைவ் அதற்கு இடம் கொடுத்தால் நல்ல வழிதான். மைனஸ் ஆரில் அது முடியாது, தட்டிலேயே பதிந்து வருகிறது. ஆனால் மைனஸ் ஆர் 1997இலேயே வந்துவிட்டது, பிளஸ் ஆர் 2002இல். மிகப் பழைய பிளேயர்களுக்கு மைனஸே அதிகம் பழக்கம். அதோடு நிலவனின் பிளேயர் ஸ்டிக்கர் இல்லாத மைனஸ் டிஸ்க்கை ஏற்கிறதே. அங்கே வகை பிரச்சினை இல்லை. ஆர்டபிள்யூ (அழித்து மறுபடியும் எழுதக்கூடிய) டிஸ்க்காக இருந்தால்தான் நான் யோசிப்பேன். அதன் பிரதிபலிப்பு 18 முதல் 30 சதவீதம்தான், மைனஸ் ஆருக்கு 45க்கு மேல்.

ஆதிரை:
என் பங்கை விட மாட்டேன். ஸ்டிக்கர் இல்லாமல், 8 எக்ஸில் எழுதினாலும் டிஸ்க் விளிம்பு வரை நிரம்பித்தான் இருக்கிறது. நிலவன், டேப்பிலிருந்து ஏற்றிய அசல் கோப்புகள் உங்களிடம் இருக்கும் அல்லவா? டிவிடியின் கோப்பை மறுபடி சுருக்காமல், அந்த அசலிலிருந்து சராசரி 5 மெகாபிட்டில் ஒருமுறை என்கோட் செய்து பாருங்கள். 470 கோடி பைட் கொள்ளும் டிஸ்க்கில் சுமார் 410 கோடியில் முடிந்துவிடும், வெளி விளிம்பு காலியாகவே இருக்கும். தரம் இரண்டு முறை இறங்கும் என்ற சுழல்தட்டின் ஆட்சேபமும் இதில் வராது.

சுழல்தட்டு:
அசலிலிருந்து என்றால் எனக்கு மறுப்பில்லை. விளிம்பைத் தவிர்ப்பது நல்ல யோசனை.

கேசட்காலம்:
நிலவன் தம்பி, எனக்காக ஒன்று செய்யுங்கள். அதே பெட்டியிலிருந்து ஒரு டிஸ்க்கை 4 எக்ஸிலும் எழுதி வரைபடம் எடுங்கள். பார்த்துவிடுவோம்.

நிலவன்_க:
எழுதிப் பார்த்தேன் ஐயா. ஸ்டிக்கர் இல்லை, அதே ஐஎஸ்ஓ. 4 எக்ஸ் நகல் பிளேயரில் கடைசி வரை ஓடுகிறது. ஆனால் வரைபடத்தில் விளிம்புக்குக் கொஞ்சம் முன்னால் சின்னதாக ஒரு பள்ளம் தெரிகிறது. 8 எக்ஸில் அது இல்லை. சந்தேகத்துக்கு இன்னொரு டிஸ்க்கிலும் எழுதினேன், அதே மாதிரிதான். அசலிலிருந்து ஆதிரை சொன்னபடி என்கோட் ஓடிக்கொண்டிருக்கிறது. அது முடிந்ததும் எல்லா நகலையும் 8 எக்ஸில் எழுதப் போகிறேன்.

கேசட்காலம்:
சரி, உங்கள் டிஸ்க்குக்கு 8 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய 8 எக்ஸ் டிஸ்க் கையிருப்பில் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அதை 4லேயே எழுதுங்கள். அதில் நான் மாற மாட்டேன்.

சுழல்தட்டு:
அதில் நானும் உங்கள் பக்கம்தான் ஐயா.