துணி டயபர்ல அமோனியா நாத்தம் போகவே மாட்டேங்குது, எந்த டிடர்ஜென்ட் வாங்கலாம்?

தூக்கம்_கெட்டவ (ராத்திரி 11:40)

வணக்கம். பாப்பாவுக்கு 7 மாசம் ஆகுது, ரெண்டாவது மாசத்துல இருந்தே துணி டயபர்தான் போடுறோம், ராத்திரிக்கு மட்டும் ரெண்டு பேட் சேத்து வைப்பேன். பிரசவத்துக்கு அம்பாசமுத்திரம் அம்மா வீட்டுக்கு போயிருந்தப்ப நாலு மாசம் ஒரு பிரச்சனையும் இல்ல. மேடவாக்கம் ஃப்ளாட்டுக்கு திரும்பி வந்த மூணே வாரத்துல ஆரம்பிச்சிருச்சு. துவைச்சு காஞ்சதும் மோந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, ஆனா பாப்பா ஒரு தடவ ஒன்னுக்கு போனா போதும், அஞ்சு நிமிஷத்துல கண்ணு எரியுற மாதிரி நெடி. பேட் எல்லாம் விறைச்சு அப்பளம் மாதிரி ஆயிடுச்சு, தண்ணியும் சரியா இழுக்க மாட்டேங்குது, ஓரமா கசியுது. இப்போ பின்னாடி சிவந்தும் போச்சு, அதான் பயமா இருக்கு.

இதுவரைக்கும் நாலு டிடர்ஜென்ட் மாத்திட்டேன். முதல்ல பேபி லிக்விட், அப்புறம் செடியில இருந்து எடுத்ததுன்னு போட்ட இன்னொரு லிக்விட், அப்புறம் வாசனை இல்லாதது, கடைசியா ஒண்ணு லிட்டர் 600 ரூவாய்க்கு வாங்கி வீட்டுக்காரர்கிட்ட திட்டு வாங்குனதுதான் மிச்சம். மெஷின் டாப் லோடு, ஆறரை கிலோ. எந்த டிடர்ஜென்ட் வாங்கலாம்னு யாராவது அனுபவப்பட்டவங்க சொல்லுங்களேன் ப்ளீஸ்.

ரெட்டைப்புள்ள_அம்மா (ராத்திரி 11:58)

முதல்ல அந்த சிவப்பு எப்படி இருக்குன்னு பாருங்க சிஸ். தொடை மடிப்புக்குள்ள நல்லா அடர்த்தியா சிவந்து, சுத்தி சின்ன சின்ன புள்ளியா இருந்துச்சுன்னா அது பூஞ்சையா இருக்கலாம், டிடர்ஜென்ட் மாத்துனா போகாது, குழந்தை டாக்டர்கிட்ட காட்டணும். என் ரெண்டாவது பையனுக்கு அப்படித்தான் வந்துச்சு, நான் பத்து நாள் தேங்காண்ணெய் போட்டு வேஸ்ட் பண்ணேன். காய்ச்சல், கொப்புளம் எதுவும் இருந்தா காத்திருக்கவே வேணாம்.

தூக்கம்_கெட்டவ

இல்லக்கா புள்ளி எல்லாம் இல்ல, துணி படுற எடம் மட்டும்தான். இருந்தாலும் காலைல காட்டிடுறேன். தேங்க்ஸ்.

பசுமைவீடு (காலை 6:15)

கெமிக்கலே வேணாம் மா. பூந்திக்கொட்டைய ராத்திரி ஊற வச்சு காலைல கொதிக்க வச்சு அந்த தண்ணில துவைங்க. நான் என் பட்டுப்புடவை எல்லாம் அதுல தான் அலசுறேன், இத்தனை வருஷமா நிறம் அப்படியே இருக்கு.

சிறுவாணி (காலை 8:30)

பட்டுப்புடவைக்கு சரிங்க, ஆனா பட்டுப்புடவைல யாரும் ஆய் போறதில்லைங்களே 😀 தப்பா எடுத்துக்காதீங்க. பூந்திக்கொட்டை உப்புத்தண்ணிலயும் (சோப்பு நுரைக்காத தண்ணி) சோப்பு மாதிரி திரியாது, அது அதோட நல்ல குணம்தான். ஆனா அழுக்க எடுக்குற சக்தி கம்மி. ராத்திரி பூரா ஒன்னுக்கு ஊறுன அஞ்சு அடுக்கு பேடுக்கு அது பத்தாதுங்க.

தூக்கம்_கெட்டவ, உங்க கேள்வியிலயே பதில் பாதி இருக்குதுங்க. அம்பைல நாலு மாசம் நல்லா இருந்துச்சு, அதே டயபர், அதே லிக்விட், மேடவாக்கம் வந்ததும் கெட்டுப்போச்சுன்னா மாறினது எது? தண்ணி. அங்க தாமிரபரணி, இங்க போர்வெல். டிடர்ஜென்ட்டுக்கு அப்புறம் வருவோம், நீங்க டயபர கழட்டுனதுல இருந்து கொடில போடுற வரைக்கும் என்னென்ன பண்றீங்கன்னு ஒண்ணு விடாம எழுதுங்க. இதெல்லாம் எதுக்குன்னு தோணுறதையும் எழுதுங்க.

தூக்கம்_கெட்டவ (மதியம் 1:20)

டாக்டர்கிட்ட போயிட்டு வந்துட்டேன், பூஞ்சை இல்லையாம், உரசலும் நெடியும் பட்டு வர்றதுன்னு சொல்லி க்ரீம் குடுத்தாங்க, அடிக்கடி மாத்த சொன்னாங்க.

சரி எப்படி துவைக்கிறேன்னா, ஆய் இருந்தா டாய்லெட்ல தட்டிட்டு பைப்புல அலசிடுவேன். ஒன்னுக்கு மட்டும்னா நேரா பக்கெட்டுக்குள்ள. மூடி போட்ட பக்கெட் ஒண்ணு வச்சிருக்கேன், ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளிய வர்ற வேஸ்ட் தண்ணிய வீணாக்காம அதுல பிடிச்சு வச்சு டயபர ஊறப் போடுவேன், லாரி தண்ணி வெலை உங்களுக்கே தெரியும். ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மெஷின்ல போடுவேன். 30 நிமிஷம் க்விக் வாஷ், பச்சைத்தண்ணி, அரை மூடி லிக்விட். அரை மூடி ஏன்னா ஜாஸ்தி போட்டா துணில தங்கிடும், குழந்தைக்கு ஒத்துக்காதுன்னு படிச்சேன். மெத்துன்னு இருக்கட்டும்னு கடைசி அலசல்ல கொஞ்சம் கண்டிஷனர். அப்புறம் வெயில்ல.

சிறுவாணி

ஐயோ.

சிறுவாணி

மன்னிச்சுக்கோங்க, வாய் விட்டு கத்திட்டேன், ஆபீஸ்ல எல்லாரும் திரும்பி பாத்தாங்க. அந்த ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணி தாங்க வில்லன்!

ஆர்.ஓ. என்ன பண்ணுது, உப்ப எல்லாம் ஒரு பக்கமா ஒதுக்கி தள்ளிட்டு நல்ல தண்ணிய இன்னொரு பக்கம் விடுது. அப்ப தள்ளுன தண்ணில கால்சியம், மக்னீசியம் எல்லாம் போர் தண்ணிய விட ஜாஸ்தியா தானே இருக்கும். நாலு லிட்டர் உள்ள போயி ஒரு லிட்டர் குடிக்க வந்து மூணு லிட்டர் வெளிய போச்சுன்னா, அந்த மூணு லிட்டர்ல கிட்டத்தட்ட நாலு லிட்டர் தண்ணியோட உப்பு. பாதிக்கு பாதி தள்ளுற மெஷினா இருந்தா ரெட்டிப்பு. அதுல ரெண்டு நாள் ஊறுனா பஞ்சுத்துணி அப்பளமா ஆகாம என்ன ஆகும்?

அடுத்தது, மூடி போட்ட பக்கெட்ல ரெண்டு நாள். ஒன்னுக்குல இருக்குற யூரியாவ பாக்டீரியா உடைச்சுத்தான் அமோனியா வருது. ஈரம், சூடு, மூடி, ரெண்டு நாள், அதுக்கு கல்யாண விருந்து மாதிரி. பச்சைத்தண்ணில அரை மணி நேர வாஷ்ல அது முழுசா போகாது, பேடுக்குள்ள மிச்சம் இருக்கும். காஞ்சா சத்தமில்லாம கெடக்கும், திரும்ப ஒன்னுக்கு பட்டதும் வேலைய ஆரம்பிச்சுரும். நீங்க சொன்ன அஞ்சு நிமிஷ நெடி அதுதாங்க.

மெஷின்_சர்வீஸ் (மாலை 4:05)

12 வருஷமா வாஷிங் மெஷின் சர்வீஸ் பாக்குறேன் சிஸ்டர், மேடவாக்கம் பள்ளிக்கரணை எல்லாம் நம்ம ஏரியா தான், அங்க ட்ரம்ம கழட்டுனா உள்ள சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கும். உங்க கீசர் ராடும் அப்படித்தான் இருக்கும் பாருங்க.

அரை மூடி தான் பெரிய தப்பு. உப்புத்தண்ணில போடுற டிடர்ஜென்ட்ல ஒரு பங்கு கால்சியத்தோட சண்டை போட்டே செத்துடும், மிச்சம் இருக்கறது தான் அழுக்குக்கு வரும். நீங்க குறைச்சு போட்டா அழுக்குக்கு ஒண்ணுமே மிஞ்சாது. குறைச்சு போட்டா குழந்தைக்கு நல்லதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, ஆனா துணில தங்குறது சோப்பு இல்ல, போகாத அழுக்கும் உப்பும். நல்லா போட்டு நல்லா அலசுங்க, அவ்ளோதான். அப்புறம் லிக்விட் வேணாம், பவுடர் வாங்குங்க, பவுடர்ல தண்ணிய மெதுவாக்குற சரக்கு கலந்திருக்கும், லிக்விட்ல அது கம்மி. டாப் லோடுக்குன்னு பாக்கெட்ல போட்டிருக்கற சாதா பவுடர், எந்த பெரிய கம்பெனியா இருந்தாலும் ஓகே. என்சைம் இருந்தா இன்னும் நல்லது, ஆய் கறை புரதம் தானே, அத உடைக்கிறதே அது தான்.

கண்டிஷனர இன்னைக்கே தூக்கி வைங்க, அது நூல் மேல மெழுகு மாதிரி படியும், அப்புறம் பேட் எப்படி தண்ணி இழுக்கும். துண்டு கூட அதுல போட்டா துடைக்காது கவனிச்சிருக்கீங்களா.

தூக்கம்_கெட்டவ

அய்யோ, நான் நல்லது பண்றோம்னு நெனச்சு பண்ணது எல்லாமே தப்பா. ஆனா ஆர்.ஓ. காரர் வந்து மீட்டர் வச்சு பாத்தப்ப 900 தான், பரவால்லன்னு சொன்னாரே?

சிறுவாணி

அவர் பாத்தது டி.டி.எஸ்.ங்க, மொத்த உப்பு. துணிக்கு நமக்கு வேண்டியது கடினத்தன்மை, கால்சியமும் மக்னீசியமும் மட்டும், அத அந்த பேனா மீட்டர் தனியா காட்டாது. குடிதண்ணிக்கு இந்திய தர நிர்ணயத்துல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் ஏத்துக்கலாம், வேற வழியே இல்லைனா 600 வரைக்கும். மீன் தொட்டி சாமான் விக்கிற கடைல சொட்டு விட்டு பாக்குற கிட் கெடைக்கும். அதுவும் வேணாம்னா சும்மா ஒரு பாட்டில்ல தண்ணி ஊத்தி குளிக்கிற சோப்ப கொஞ்சம் சீவி போட்டு குலுக்குங்க. நுரை நிக்காம தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா மெதந்தா உப்புத்தண்ணி. ஆர்.ஓ.ல வர்ற நல்ல தண்ணில இன்னொரு பாட்டில் போட்டு பக்கத்துல வச்சு பாருங்க, வித்தியாசம் தெரியும். டிடர்ஜென்ட் பவுடர்ல இத பண்ணாதீங்க, அது எதுலயும் நுரைக்கும்.

காரைக்குடி_ஆச்சி (மாலை 6:40)

ஆத்தா நீங்க எல்லாம் பேசுறத பாத்தா சிரிப்பா வருது. எங்க காலத்துல ஏது டயபர், பழைய வேட்டிய கிழிச்சு முக்கோணமா மடிச்சு கட்டுவோம், நனைஞ்சா உடனே மாத்திருவோம், ஊறவே விட மாட்டோம். வீட்டுக்கு வர்ற வண்ணார் உவர்மண்ணுல முக்கி வெள்ளாவி வச்சு கொண்டாருவாரு, பால் மாதிரி இருக்கும், மோந்தா வெயில் வாசம்தான் வரும். அந்த வெள்ளாவி சூடு இப்ப உங்க மெஷின்ல இல்ல, அதான் நாத்தம்.

சிறுவாணி

ஆச்சி சொன்னதுல ரெண்டு விஷயமும் அப்படியே சரிங்க. உவர்மண்ணுல இருக்குறது சோடியம் கார்பனேட், அதையே தான் இன்னைக்கு சலவை சோடான்னு பாக்கெட்ல விக்கிறாங்க. வெள்ளாவி சூட்டுக்கு நம்மகிட்ட கீசர் இருக்கு.

சரி நான் என் பொண்ணுக்கு பண்ணத சொல்றேன். எங்க வீட்டுல குடிக்க சிறுவாணி, துவைக்க போர், அதனால இதே கூத்து எனக்கும் நடந்துச்சு. முதல்ல ஒரே ஒரு தடவ படிஞ்ச உப்ப எடுக்கணும். மளிகைக்கடைல எலுமிச்சை உப்பு கேளுங்க, சிட்ரிக் ஆசிட் தான் அது. அரை பக்கெட் வெதுவெதுப்பான தண்ணிக்கு ரெண்டு டேபிள் ஸ்பூன், துவைச்ச பேட் மட்டும் ஒரு மணி நேரம், அப்புறம் நல்லா அலசிடுங்க. மேல் கவர், எலாஸ்டிக் இருக்குறது எதுவும் இதுல வேணாம். முக்கியமா இது கூட ப்ளீச் சேக்கவே கூடாது, குளோரின் வாயு வரும். ஒன்னுக்கு ஊறுன துணி மேலயும் ப்ளீச் ஊத்தாதீங்க, அதுவும் விஷ வாயு தான். ப்ளீச்சுக்கு தேவையே வராதுன்னு நெனைக்கிறேன்.

அதுக்கு அப்புறம் தினப்படி. கழட்டுனதும் குழாய்ல அலசி, பிழிஞ்சு, ஓட்டை வச்ச கூடைல காத்தாட போடுங்க, மூடி வேணாம், ஊறல் வேணாம். தினமும் இல்லைனா ஒருநாள் விட்டு துவைங்க. முதல்ல கொஞ்சம் பவுடர் போட்டு ஒரு சின்ன வாஷ், அந்த அழுக்கு தண்ணி வெளிய போகட்டும். ரெண்டாவது முழு நீள வாஷ், பாக்கெட்ல சொன்ன அளவு பவுடர், கூட ரெண்டு டேபிள் ஸ்பூன் சலவை சோடா, கீசர் தண்ணிய பக்கெட்ல கொண்டு வந்து ட்ரம்ல ஊத்திக்கோங்க. மேல் கவர் இருந்தா 60 டிகிரிய தாண்ட வேணாம், அந்த தண்ணி விடாத பூச்சு உரிஞ்சு போயிரும். சலவை சோடா கையில பட்டா தோல் வறண்டு போகும், ஸ்பூன்ல எடுங்க.

தூக்கம்_கெட்டவ

வீட்ல ஆப்ப சோடா இருக்கு, அது போதுமா?

மெஷின்_சர்வீஸ்

அது ஆப்பத்துக்கு சிஸ்டர் 😂 பாக்கெட்ல சோடியம் கார்பனேட்னு இருக்கணும். பை கார்பனேட்னா அது சமையலறைக்கு. இன்னொண்ணு, ட்ரம்ம நெறைய திணிக்காதீங்க, முக்கால் வாசி போதும். ரொம்ப கம்மியா போட்டாலும் துணி ஒண்ணோட ஒண்ணு உரசாது, சும்மா மெதக்கும், டயபர் கம்மியா இருந்தா பாப்பா துண்டு எல்லாம் சேத்துக்கோங்க.

பசுமைவீடு

இவ்வளவு கெமிக்கல் தேவையான்னு எனக்கு இன்னும் தோணுது. நான் சொல்றத சொல்லிட்டேன்.

தூக்கம்_கெட்டவ (பத்து நாள் கழிச்சு)

அப்டேட் குடுக்காம போக மாட்டேன்னு நெனச்சுட்டே இருந்தேன், பாப்பாவுக்கு பல் வேற வருது, தூக்கமே இல்ல.

சோப்பு சீவி போட்டு பாத்தேன். போர் தண்ணி திரிஞ்ச பால், ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணி பத்தி கேக்கவே வேணாம். வீட்டுக்காரர் ஆர்வத்துல மீன் கடைல போய் கிட்டும் வாங்கிட்டு வந்துட்டார், போர் 500 கிட்ட, வேஸ்ட் தண்ணி 700ஐ தொடுது. மூணு மாசமா அதுல தான் எம்புள்ள துணிய ஊற வச்சிருக்கேன்.

எலுமிச்சை உப்புல போட்டு எடுத்ததுமே பேட் மடங்க ஆரம்பிச்சிருச்சு. முதல் சூடு வாஷ்ல வெளிய வந்த தண்ணிய பாத்தீங்கன்னா, துவைச்சு வச்ச துணில இருந்து சாம்பல் கலர்ல வருது. ரெண்டு தடவ அப்படி ஓட்டுனேன். மூணாவது நாள்ல இருந்து பகல்ல நெடி சுத்தமா இல்ல. ராத்திரி போடுறதுல காலைல லேசா இருக்கு, ஆனா கண்ணு எரியல. சிவப்பு போயிடுச்சு. பவுடர் சாதா கடைல வாங்குனது தான், 600 ரூவா லிக்விட்ல இப்போ என் சுடிதார் எல்லாம் ராஜ வாழ்க்கை வாழுது.

வேஸ்ட் தண்ணிய டாய்லெட்டுக்கும் தரை துடைக்கவும் வச்சுக்கிட்டேன், அத்தை முதல்ல முறைச்சாங்க, கிட்டுல வந்த கணக்க காட்டுனதும் சரின்னுட்டாங்க.

சிறுவாணி

ரொம்ப சந்தோசங்க! ராத்திரி போடுற ரெண்டு பேட மட்டும் காலைல எழுந்ததும் சுடுதண்ணில ஒரு அலசு அலசிட்டு கூடைல போடுங்க, அந்த லேசும் போயிரும்.

தூக்கம்_கெட்டவ

சரிங்கக்கா. கடைசியா ஒரே ஒரு சந்தேகம், மழை ஆரம்பிச்சா மொட்டை மாடி பைப்புக்கு கீழ ட்ரம் வச்சு பிடிச்சு அதுல துவைக்கலாமா? மழைத்தண்ணில உப்பே இருக்காதுல்ல?

காரைக்குடி_ஆச்சி

பிடி ஆத்தா, அத விட நல்ல தண்ணி ஏது. முதல் மழைய மட்டும் விட்டுரு, மாடில காக்கா எச்சமும் தூசியும் தான் வரும்.