மணிக்கட்டா, தொடையா?

மலர்: அப்பாவுக்கு வியாழன் காலை ஆஞ்சியோ, அதுதான் ரத்தக்குழாய் வழியாக இதயம் வரை மெல்லிய குழாய் விட்டுப் படமெடுப்பது, என்று சொல்லிவிட்டார்கள். கால் பைபாஸ் செய்தவருக்குத் தொடை வழியாகப் போனால் அந்தக் குழாய் கிழிந்துவிடும் என்று யாரோ சொல்லி, அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. உண்மையா மாமா?

கோமதி அத்தை: ஐயோ

ரவி: பைபாஸ் இதயத்தில் இல்லையா?

மலர்: இல்லை ரவி. 2017ல் வயிற்றிலிருந்து இரண்டு தொடைக்கும் வைத்தது.

சுந்தரம் மாமா: பதறாதீர்கள், விளக்கமாகச் சொல்கிறேன். அத்தானுக்கு வைத்தது டேக்ரான் துணிக் குழாய், ஒய் எழுத்தைத் தலைகீழாகப் போட்ட மாதிரி இறங்கும். அதில் ஊசி குத்தவே கூடாது என்றில்லை, பழைய குழாயில் குத்தியும் செய்கிறார்கள். ஆனால் அந்த இடம் தழும்பேறி இறுகியிருக்கும், உள்ளே போக முரண்டு பிடிக்கும், வெளியே எடுத்தபின் ரத்தம் நிற்பதும் கஷ்டம். துணியில் கிருமி ஏறினால் மருந்து மட்டும் போதாது, குழாயையே எடுக்க வேண்டி வரலாம். அதனால் முடிந்தவரை மணிக்கட்டு வழியாகத்தான் போவார்கள். 1989ல் கனடாவில் கம்போ என்ற டாக்டர் காட்டிய வழி. அதற்கும் முன்னால் 1929ல் ஃபோர்ஸ்மான் என்ற ஜெர்மன்காரர் தன் கை ரத்தக்குழாயிலேயே மெல்லிய குழாயை விட்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்

பாபு: மாமா, வியாழனுக்குள் முடித்துவிடுங்கள்

கோமதி அத்தை: தன் கையிலேயா?? வீட்டில் கேட்க ஆள் இல்லையா

ரவி: மாமா, புது புரொஃபைல் படம் சூப்பர், கூலிங் கிளாஸ் எல்லாம்

மலர்: நேற்று நர்ஸ் மணிக்கட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்தார், உள்ளங்கை வெளுத்தது, சுண்டுவிரல் பக்கம் விட்டதும் சிவந்துவிட்டது.

சுந்தரம் மாமா: அப்படியென்றால் நல்ல சேதி, சுண்டுவிரல் பக்கக் குழாயிலிருந்தே கைக்கு ரத்தம் வருகிறது. இருந்தாலும் காலில் அடைத்தவருக்குத் தோள் பக்கமும் அடைத்திருக்கலாம், இரண்டு கையிலும் பிரஷர் பார்க்கச் சொல். சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும். மாத்திரையில் எதை நிறுத்துவது என்று டாக்டர் சொல்லட்டும், அக்கா தானாக நிறுத்திவிடப் போகிறாள்.

மலர்: நேற்று ராத்திரியே நிறுத்தியாகிவிட்டது

சுந்தரம் மாமா: 🤦 இப்போதே டாக்டருக்கு போன் போடு

மலர்: சரி. பழைய ஆபரேஷன் ஃபைலையும் கேட்கிறார்கள். எங்கே தைத்தது என்று அதில்தான் இருக்குமாம்.

கோமதி அத்தை: பாபு வீட்டு பீரோவில். பத்திரத்தோடு சேர்த்து எடுத்துப் போனானே.

பாபு: பத்திரப் பேச்சு இங்கே எதற்கு

கோமதி அத்தை: நான் ஃபைலைத்தான் சொன்னேன்

பாபு: தேடுகிறேன்

மலர்: எப்போது அண்ணா?

பாபு: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோமதி அத்தை: ராத்திரி கூட யார் இருப்பது? போன தடவை மாதிரி நான் மட்டுமா?

ரவி: நான் பார்க்கிறேன் அத்தை, லீவு கிடைத்தால்

சுந்தரம் மாமா: ஃபோர்ஸ்மானுக்கு 1956ல் நோபல் கொடுத்தார்கள். சொல்ல விட்டுப்போயிற்று.